அளவாக வெட்டிய துப்பாக்கி

வெர்னா ஸ்கோகனுக்கு மலையாட்டுக் குலுக்கலில் சீட்டு விழுந்த செய்தி, அவள் தபாலாபீஸிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கோல்டர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளை மலையாட்டைச் சுட அரசாங்கம் தரும் அனுமதி அது. வருஷா வருஷம் பேர் கொடுத்துக் கொடுத்தே கிழவர்களாகிப்போனவர்கள் அந்த ஊரில் உண்டு. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். கை கொடுக்கும்போது யார் முகம் எப்படிப் போனது என்பதை வெர்னா ஒன்றுவிடாமல் கவனித்துக்கொண்டாள்.

அது அவள் தொழில் கொடுத்த பழக்கம். மாட்டுச் சந்தையில் சூட்டுக்குறி பார்க்கும் பரிசோதகர் அவள். விற்க வரும் ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் இருக்கும் சூட்டைப் பார்த்து, கொண்டுவந்தவனுடைய மாடுதானா, வழியில் ஓட்டிக்கொண்டு வந்ததா என்று சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. எந்த மாட்டைப் பார்த்தாலும் முதலில் இது யாருடையது என்றுதான் அவளுக்குத் தோன்றும். அழகான மாடு என்பதெல்லாம் அப்புறம்.

சீட்டு விழுந்த சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. அதன் பிறகு துப்பாக்கிக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இருந்தது அவளுடைய அப்பாவின் துப்பாக்கி. கடப்பாரை மாதிரி கனம். அப்பா ஆறடிக்கு மேல் உயரம், வலதுகைக்காரர். வெர்னாவோ குள்ளம், கழுத்து மட்டும் நீளம், எல்லாவற்றுக்கும் இடதுகை. அந்தத் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் வைத்தால், குறிபார்க்கக் குழல்மேல் பொருத்தியிருக்கும் ஸ்கோப்புக்குக் கண் போய்ச் சேராது. கழுத்தை ஆமை மாதிரி நீட்டினால்தான் எதிரே இருப்பது தெரியும். போன வருஷம் அப்படி நீட்டிக்கொண்டு ஒரு மானைச் சுட்டபோது, உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிட்டது. தையல் போட்ட தழும்பு இன்னும் இருந்தது. மானாவது சமவெளியில் நிற்கும். மலையாடு நிற்கும் இடத்துக்குப் பாறையைப் பிடித்துப் பிடித்து நாள் முழுக்க ஏற வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இந்தக் கடப்பாரையைச் சுமந்துகொண்டு ஏற முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் ஆரின் ப்ரூயிட்டின் கடைக்குப் போனாள். ப்ரூயிட் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். துப்பாக்கி விற்பான், பழுதும் பார்ப்பான். எடை குறைந்ததாக வேண்டும் என்று அவள் சொன்னதும் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான்.

துப்பாக்கியைப் பார்த்து வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர். வெர்னா கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கண்ணை மூடி, துப்பாக்கியைச் சட்டென்று தோளுக்குத் தூக்கி, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, அதற்கப்புறம் கண்ணைத் திறப்பாள். அளவு சரியாக இருந்தால் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரியும். இல்லாவிட்டால் ஓரத்தில் கறுப்புப் பிறை விழும். ப்ரூயிட் கொடுத்த எல்லாவற்றிலும் பிறை விழுந்தது. ஒன்று இறகு மாதிரி லேசு, ஆனால் முன்பக்கம் குடை சாய்ந்தது. ஒன்றின் கட்டை முழங்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் குண்டு மாற்ற இழுக்கும் பிடியான போல்ட் வலதுபக்கம். ஒவ்வொரு தடவையும் அவள் இடதுகையைத் துப்பாக்கிக்கு மேலாகக் கொண்டுபோய்த் திருப்பி இழுக்க வேண்டியிருந்தது.

"உனக்கு மட்டும் கடவுள் வேற அளவுல தைச்சுட்டாரு" என்றான் ப்ரூயிட்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு உள்ளே போய்த் துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்தான். புதிது இல்லை. போல்ட் இடதுபக்கம். பின்கட்டை கட்டைவிரல் அகலத்துக்குக் குறைத்து வெட்டப்பட்டு, முனையில் ரப்பர் ஒட்டியிருந்தது. கன்னம் படும் இடம் நீளக் கழுத்துக்கு ஏற்றபடி உயர்த்தப்பட்டிருந்தது. வெர்னா கண்ணை மூடித் தோளுக்குத் தூக்கினாள். திறந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தீவனக்கடைப் பலகையின் எழுத்துகள் வட்டத்துக்குள் அப்படியே நின்றன. பிறை இல்லை. மறுபடி மூடினாள், திறந்தாள். மறுபடியும் அதே.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே வாங்கியிருப்பார்கள். வெர்னாவுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. சந்தையில் ஒரு மாட்டின் சூடு ரொம்ப ஒழுங்காக, ரொம்பத் தெளிவாக இருந்தால் அவளுக்கு இப்படித்தான் ஊரும்.

யாருடையது என்று கேட்டாள். வெளி மாநிலத்துக்காரன் ஒருத்தன், அரிசோனாவுக்குக் குடிபோகிறான், போகும்போது விட்டுவிட்டுப் போனான் என்றான் ப்ரூயிட். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. விலையைக் கேட்டாள். கொஞ்சம் குறைச்சலாகத்தான் சொன்னான். சுட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றாள் அவள். தாராளமாக எடுத்துக்கொண்டு போ, ஒரு வாரம் வைத்திருந்து கொடு என்றான் அவன். ப்ரூயிட் ஒரு ஸ்க்ரூட்ரைவரைக்கூட இரவல் தராதவன். வண்டியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெர்னாவின் மனசு அந்த ஸ்க்ரூட்ரைவரையே சுற்றி வந்தது.

மறுநாள் ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய பள்ளத்தில் சுட்டுப் பார்த்தாள். புருஷன் டேல் கூட வந்தான். மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறவன். அதனால் இடுப்பு போனவன். எடை குறைந்த துப்பாக்கி நறுக்கென்று உதைக்கும் என்பது தெரிந்ததுதான். இதுவும் உதைத்தது. ஆனால் உதை நேராகத் தோளுக்குள் இறங்கியது. கன்னத்தில் அறையவில்லை, புருவத்தின் பக்கமே வரவில்லை. அட்டையில் விழுந்த மூன்று ஓட்டைகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"அப்புறம் என்ன? எடுத்துக்கோ" என்றான் டேல்.

வெர்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பை ஆணி வாங்கி வந்தால்கூட எந்தக் கடை, என்ன விலை, ஏன் அங்கே வாங்கினாய் என்று கேட்கிற மனுஷன். இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கையில் அதைக் கொடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். டேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பொம்மைத் துப்பாக்கியைப் பிடித்த மாதிரி இருந்தது. கன்னம் ஸ்கோப்பில் இடித்தது.

திங்கட்கிழமை ஷெரீப் ஆபீஸில் துப்பாக்கியின் எண்ணைக் கொடுத்துத் திருட்டுப் பொருளா என்று பார்க்கச் சொன்னாள். இல்லை என்று பதில் வந்தது. திருட்டு இல்லை என்று தெரிந்தால் சந்தேகம் குறைய வேண்டும். அவளுக்குக் கூடியது. திருடியதாக இருந்தால் ப்ரூயிட் ஏன் மழுப்பினான் என்பதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் துப்பாக்கியைச் சமையலறை மேஜையில் கிடத்தி, மாட்டைப் பார்க்கிற மாதிரி தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தாள். குழலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெள்ளையாக மின்னியது. குதிரைச் சேணத்தின் உறையில் வருஷக்கணக்காகக் கிடந்த தேய்மானம். அப்படியானால் மலைக்குக் குதிரையில் போகிற ஆள். ப்ரூயிட் சொன்ன வெளி மாநிலத்துக்காரன் இல்லை. கட்டையை வெட்டிய விதம் ப்ரூயிட்டின் கை. அவன்தான் ரப்பரின் ஓரத்தை அப்படி உருட்டி இழைப்பான். அளவெடுத்துத்தான் வெட்டியிருக்கிறான். யாரை நிற்கவைத்து அளவெடுத்தான்? குள்ளம். நீளக் கழுத்து. இடதுகை. இந்த மாவட்டத்தில் அந்த அச்சில் வார்த்தது இரண்டே பேர். ஒருத்தி இதோ மேஜைக்கு முன்னால் நிற்கிறாள்.

அந்த நினைப்பு வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொருத்தி ஆர்லிஸ், அவளுடைய தங்கை. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் பண்ணை. இருவரும் பேசி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆர்லிஸின் புருஷன் லைல் சந்தைக்குக் கொண்டுவந்த கன்றுகளில் இரண்டின் சூடு வெர்னாவுக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரனின் குறிமேல் ஒரு கோடு கூடுதலாக இழுத்த மாதிரி இருந்தது. தங்கை புருஷன் என்று பார்க்காமல் எழுதிக் கொடுத்தாள். லைல் தெரியாமல் நடந்துபோச்சு என்றான். அபராதம் கட்டினான். அதோடு ஆர்லிஸ் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவின் சவ அடக்கத்தன்றுகூடத் தேவாலயத்தில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது இலையுதிர்காலச் சந்தை வருகிறது. லைலின் மாடுகளும் வரும். அவற்றைப் பார்க்க வேண்டியவள் வெர்னா. இந்த நேரம் பார்த்து, அவளுக்கென்றே தைத்த மாதிரி ஒரு துப்பாக்கி, குறைந்த விலைக்கு, பெயர் சொல்லாமல் கைக்கு வருகிறது. நாளைக்கு லைல் சந்தையில் நின்று, என் வீட்டுத் துப்பாக்கியை வாங்கி மாட்டிக்கொண்டு என் மாட்டையே பிடிக்கிறாள் பார் என்று கத்தினால் வேலை போகும். அல்லது கத்தாமலே ஒரு பார்வை பார்த்தால் போதும், தப்புக் குறியைப் பார்த்தாலும் அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வெர்னா நாற்காலியிலிருந்து எழுந்தாள். டேலிடம் கேட்டாள், இது ஆர்லிஸுடையது என்று உனக்குத் தெரியுமா என்று.

டேல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை நிறுத்தினான். வசந்த காலத்தில் தீவனக்கடையில் ஆர்லிஸைப் பார்த்ததையும், அவள் கேட்டதால் புருவம் பிளந்த கதையைச் சொன்னதையும் ஒப்புக்கொண்டான். துப்பாக்கி விஷயம் தனக்குத் தெரியாது, ஆனால் ஜல்லிப் பள்ளத்தில் நீ அதைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீ சுட்டுப் பாத்திருக்கவே மாட்டியே" என்றான். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டதும் ப்ரூயிட் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆர்லிஸ் மார்ச் மாதம் கொண்டுவந்து கொடுத்ததையும், வெர்னா வந்தால் மட்டும் காட்டு, என் பெயரைச் சொல்லாதே என்று சொன்னதையும் கக்கிவிட்டான். விலையையும் அவளே சொன்னாளாம். "நான் நடுவுல மாட்டிக்கிட்டேன், அதிகாரியம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே முறைப்பு. யாரைக் கண்டு பயப்படறதுன்னே தெரியல" என்றான்.

வெர்னா துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு நேராக மேல்கோடிக்கு விட்டாள். திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. வழியில் மனசுக்குள் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டாள். லைலுக்கும் ஒரு பங்கு வைத்திருந்தாள்.

பண்ணை முற்றத்தில் லைல் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். அவள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். ஆர்லிஸ் காய்கறித் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கிட்டே வந்த பிறகுதான் யார் என்று அடையாளம் தெரிந்த மாதிரி தலையைச் சாய்த்தாள்.

"கொண்டாந்துட்டியா? நீ வாங்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எதுக்கு இந்த வேலை? பேர் சொல்லாம, ஆள் வெச்சு."

"பேர் சொன்னா தொட்டிருப்பியா?"

"லைலோட மாடு அக்டோபர்ல சந்தைக்கு வருது."

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் சிவந்து, கருமணி சரியாக நகராமல் நின்றது. "நல்லாப் பாரு. என் மேலயும் சூடு இருக்கான்னு பாத்துக்கோ. வேற யார் குறி மேலயாவது கோடு போட்டிருக்கேனான்னு பாரு."

வெர்னா கேட்பதற்குள் ஆர்லிஸே சொன்னாள். குளிர்காலத்தில் ஒரு குதிரைக்குட்டி தலையை வீசியதில் முகத்தில் அடி. இரண்டு நாள் கழித்துக் கண்ணுக்குள் திரை இறங்குகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்று பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, உருவம் கலங்கலாகத் தெரிகிறது. இனி தோளில் எந்த உதையும் வாங்கக்கூடாது, வாங்கினால் மிச்சமிருப்பதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விற்றால் யாருக்கு விற்பது? எந்த ஆம்பளைக்கும் அது சேராது. சேர வைக்க வேண்டுமானால் கட்டையைக் கழற்றிப்போட்டு வேறு மாட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் டேலைப் பார்த்தாள், புருவம் பிளந்த கதையைக் கேட்டாள்.

வெர்னாவுக்கு நம்ப ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே நம்பப் பயமாக இருந்தது. லைலுக்கு இது தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் ஆர்லிஸ். "சும்மாவே குடுத்துடு, உங்கக்கா மனசு இளகும், சந்தையில நமக்கு நல்லதுன்னு சொன்னான். அதனாலதான் நான் சும்மா குடுக்கல. அதனாலதான் என் பேர் வேண்டாம்னேன். விலையைக் கொறச்சேன், அது என் தப்பு. நீ கஞ்சம்னு தெரியும், அதான்."

கொட்டகைக்குள் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். லைல் வெளியே வரவில்லை.

பொய் சொல்கிறவள் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று வெர்னா நினைத்தாள். அப்புறம், அதைச் சொன்னால் நான் நம்புவேன் என்று தெரிந்தே சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்தாள். இந்தச் சந்தேகத்துக்கு அடி கிடையாது, தோண்டிக்கொண்டே போகலாம் என்று அவளுக்குப் பட்டது. தோண்டாமலே செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அதைச் செய்தாள்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து, பில்லிங்ஸில் இருக்கும் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். தங்கையிடமிருந்து ஒரு துப்பாக்கி வாங்குகிறேன், அதனால் அவர்கள் வீட்டு மாட்டை இந்த வருஷம் நான் பார்க்கக்கூடாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொன்னாள். இதற்கெல்லாம் போன் போடுவார்களா என்று அந்த ஆள் சிரித்தான். நான் போடுவேன் என்றாள். பிறகு ப்ரூயிட்டிடம் போய், அந்தத் துப்பாக்கி நியாயமாக என்ன பெறுமோ அதைக் கொடுத்தாள். ஆர்லிஸ் சொன்ன விலைக்கு மேலே வந்ததையும் அவளிடமே சேர்க்கச் சொன்னாள். ஆர்லிஸ் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் வெர்னா மறுபடி யோசிக்க ஆரம்பித்திருப்பாள்.

அக்டோபரில் லைலின் மாடுகளை வேறொரு பரிசோதகர் வந்து பார்த்தார். எல்லாம் சுத்தம். அந்தச் செய்தி வந்த மறுநாள் ஆர்லிஸ் போன் செய்தாள். டேலால் அந்த இடுப்போடு மலையேற முடியாது, உனக்குத் துணை யார் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றாள் வெர்னா. "என்கிட்ட ரெண்டு கோவேறு கழுதை இருக்கு, ஒரு நல்ல கண்ணும் இருக்கு" என்றாள் ஆர்லிஸ். வெர்னா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அடுப்பிலிருந்த குழம்பு கொதிப்பதற்குள் அவளே திருப்பிப் போன் போட்டு, வா என்றாள்.

மாசக் கடைசியில் மலைமேல் முதல் பனி விழுந்திருந்தது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, விடிந்ததும் ஏறினார்கள். துப்பாக்கி முதுகில் இருப்பதே தெரியவில்லை. மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, ஆனால் அவை அவளுடைய வயதின் கனம், இரும்பின் கனம் இல்லை. மத்தியானம் ஆர்லிஸ் ஒரு பாறையில் குப்புறப் படுத்து, தொலைநோக்கியை வலது கண்ணில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் தனியாக ஒன்று நிற்கிறது, கிடா என்றாள்.

மலையாட்டில் கிடாவையும் பெட்டையையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டுக்கும் கொம்பு உண்டு, இரண்டுக்கும் தாடி உண்டு. பெட்டையைச் சுட்டால் குட்டிகள் அனாதையாகும். வெர்னா வாங்கிப் பார்த்தாள். கொம்பின் அடி பருமனாகத்தான் இருந்தது.

"கிடாதான்" என்றாள் ஆர்லிஸ் மறுபடி.

"ஒண்ணுக்குப் போகட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

ஆர்லிஸ் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். பிறகு பனியில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டை குந்தும், கிடா உடம்பை நீட்டி நிற்கும். அது ஒன்றுதான் ஏமாற்றாத அடையாளம். குளிரில் விரல் மரத்துப்போகும் வரை இருவரும் படுத்துக் கிடந்தார்கள். கடைசியில் அந்த ஆடு நாலடி நடந்து, முன்னங்காலை முன்னே வைத்து உடம்பை நீட்டி நின்றது.

"ம்" என்றாள் வெர்னா.

அப்போதும் சுடவில்லை. அது நின்ற இடத்தில் சுட்டால் உருண்டு கீழே பாதாளத்துக்குப் போய்விடும். புல் தேடி அது சமதளத்துக்கு நகரும் வரை காத்திருந்தாள். நகர்ந்ததும் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். வட்டம் முழுசாக, வெளிச்சமாக வந்தது. விசையை அழுத்தினாள். ஆடு இரண்டு அடி வைத்து, முட்டி மடங்கி, பனியில் சாய்ந்தது. ஆர்லிஸ் காதைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

தோலையும் இறைச்சியையும் பிரித்துக் கட்டவே சாயங்காலம் ஆகிவிட்டது. கழுதைகள் நின்ற இடத்துக்கு இறங்கும்போது ஆர்லிஸ் முன்னால் போனாள். ஒரு கண்ணால் ஆழம் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டித் தட்டி இறங்கினாள். பாதி வழியில் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"லைல்தான் அனுப்பினான்னு நெஜமாவே நெனச்சியா?"

"பாதி இப்பவும் நெனைக்கிறேன்."

ஆர்லிஸ் அடுத்த கல்லைத் தட்டிப் பார்த்தாள். அது ஆடியது. "பாதிதானே" என்றாள். "இந்தக் கல்லு வேண்டாம், இந்தப் பக்கமா வா." வெர்னா அந்தக் கல்லைத் தானும் ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தங்கை காட்டிய பக்கமாக இறங்கினாள்.